பார்க் ரோயலில் அடித்த மணி

கணவர் ஞானரட்ணம் இறந்த பிறகு ஜெயகௌரி லண்டன் கிங்ஸ்பரி வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை வீடு கொள்ளாத ஆட்கள். பிறகு ஒவ்வொருவராக வேலைக்கும் ஷிப்டுக்கும் திரும்பிப் போனார்கள். மகன் ரதீசன் ஸ்கொட்லாந்தில், அபர்டீனில் இருந்தான். வாரத்தில் ஒருநாள் கைத்தொலைபேசியில் எடுத்து, சாப்பிட்டாச்சோ, மருந்து போட்டாச்சோ என்று கேட்பான். இரண்டுக்கும் அவள் ஓம் என்று சொல்வாள். அதற்கு மேல் அவனுக்கும் கேட்க ஒன்றும் இருக்காது.

மற்றபடி அவளோடு நெடுநேரம் பேச ஒரே ஓர் ஆள் இருந்தாள். ஜெர்மனியில், டோர்ட்முண்டில் இருக்கும் நகுலேஸ்வரி. இருவரும் இளம் வயதில் அங்கே அகதி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஒரே ஹோட்டலில் படுக்கை விரிப்பு மாற்றியவர்கள். ஜெயகௌரி கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, லண்டனுக்கு மாறி வந்தாள். நகுலேஸ்வரி கல்யாணம் கட்டவில்லை, அந்த ஊரை விட்டு அசையவும் இல்லை. கண் பார்வை குறைந்துபோனதால் அவளுக்குக் கைத்தொலைபேசி சரிவரவில்லை. பெரிய இலக்கங்கள் போட்ட வீட்டுத் தொலைபேசிதான். ஞாயிறு காலையில் ஜெயகௌரி எடுப்பாள். எப்போதும் அவள்தான் எடுப்பாள். லண்டனிலிருந்து மலிவு என்று என்றோ தொடங்கிய வழக்கம்.

போன இலையுதிர் காலத்தில் அந்தப் பேச்சு முறிந்தது. வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய் இருக்கலாம் என்று ஜெயகௌரி யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது.

"போகாதை," என்றாள் நகுலேஸ்வரி, சுற்றி வளைக்காமல். "அங்கை போய் அவையின்ரை வீட்டிலை ஒரு மூலையிலை குந்திக்கொண்டு இருக்கப் போறியே? மருமகள் ஒண்டும் சொல்லமாட்டாள். ஆனா உனக்கே விளங்கும்."

"பிள்ளை பெத்திருந்தாத்தான் இதெல்லாம் தெரியும்," என்று சொல்லிவிட்டு ஜெயகௌரி தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அன்று மாலையே அந்த வார்த்தை அவளைச் சுட்டது. என்றாலும் இரண்டு மூன்று வாரம் ரோசத்தோடு இருந்துவிட்டுத்தான் திரும்ப எடுத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் தூக்கவில்லை. கடைக்குப் போயிருப்பாள் என்று நினைத்துப் பின்னேரம் எடுத்தாள். மறுநாள் எடுத்தாள். அடுத்த ஞாயிறும் எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

நகுலேஸ்வரியின் தொலைபேசி கூடத்தில், சோபாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது ஜெயகௌரிக்குத் தெரியும். அந்தச் சோபாவில் நகுலேஸ்வரி அமர்ந்து, அடிக்கும் மணியைக் கேட்டபடி கையை மடியில் வைத்துக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றும். தனக்கு இது வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள். ரதீசனிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? தோழி கோபித்துக்கொண்டாள் என்றா, அறுபத்தேழு வயதில்?

அபர்டீனுக்குப் போகும் பேச்சும் அதோடு நின்றுபோயிற்று. தைப்பொங்கலன்று எடுத்துப் பார்த்தாள். பிறகு எடுப்பதையே விட்டுவிட்டாள். அந்தக் குளிர்காலத்தில் சில நாள் அவள் வாய் திறந்து பேசியது பஸ் டிரைவருக்குச் சொன்ன ஒரு 'தாங்யூ' மட்டுமாக இருந்தது. வீட்டுக்குள் வானொலியைப் போட்டுவிட்டு, அது என்ன சொல்கிறது என்று கேளாமல் சமைப்பாள். சமைத்ததை இரண்டு நாள் வைத்துச் சாப்பிடுவாள்.

மே மாதம் நகுலேஸ்வரியின் பிறந்தநாள் வந்தது. காலையில் தேநீரோடு தொலைபேசிக்கு முன்னால் அமர்ந்தாள். எடுக்கமாட்டாள் என்று தெரிந்தும் எடுத்தாள். இரண்டு முறை அடிப்பதற்குள் யாரோ தூக்கினார்கள்.

"ஹலோ?" என்றது ஒரு பெண்குரல். நகுலேஸ்வரியின் குரல் இல்லை.

அவள் வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். நர்ஸோ, பொலிஸோ. மறந்துபோன ஜெர்மன் எல்லாம் ஒரேயடியாக நாக்குக்கு வந்தது. நகுலேஸ்வரி எங்கே, அவளுக்கு என்ன நடந்தது என்று ஜெர்மனில் படபடவென்று கேட்டாள். அதற்கு நடுவே லைனில் பீப் பீப் என்று இலக்கம் அழுத்துவது போன்ற சத்தம் வரிசையாகக் கேட்டது. பிறகு அந்தப் பெண் ஆங்கிலத்தில், மன்னிக்கவும், ஒன்றும் விளங்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிழையாக அழுத்தியிருப்பேன் என்று நினைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் இலக்கமாக அழுத்தினாள். அதே குரல்.

"இது ஜெர்மனி இல்லையா?" என்று இப்போது ஆங்கிலத்தில் கேட்டாள்.

அந்தப் பெண் சிரித்தாள், ஆனால் நல்ல மாதிரி. இது லண்டன், பார்க் ரோயல், ஓர் அலுவலகம் என்றாள். கட்டடத்தில் திருத்த வேலை நடந்ததால் குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்ததாம்; இந்த வாரம்தான் திறந்திருக்கிறார்களாம். இதே இடத்தில் முன்னர் வெளிநாட்டு அழைப்புகளை மலிவாகக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பனி இருந்து, போன இலையுதிர் காலத்தில் மூடிவிட்டதாம். அவர்களுடைய இலக்கம்தான் இப்போது தங்களிடம் வந்திருக்கிறது என்றாள். "உங்கள் தொலைபேசிதான் எங்களைக் கூப்பிடுகிறது. ஏன் என்று பாருங்கள்."

ஜெயகௌரி தன்னுடைய தொலைபேசிக் கம்பனியை அழைத்தாள். இதற்கு ஒன்றை அழுத்து, அதற்கு இரண்டை அழுத்து என்று பதிவுக்குரல் நெடுநேரம் சொல்லிற்று. பிறகு பாட்டுப் போட்டார்கள். கடைசியில் ஓர் இளைஞன் வந்து, லைனைச் சோதித்துப் பார்த்தேன், பழுது ஒன்றும் இல்லை என்றான். அவள் விடவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். தொலைபேசிக்கும் சுவரில் வயர் செருகும் இடத்துக்கும் நடுவில் வேறு ஏதாவது பூட்டியிருக்கிறதா என்று அவன் கேட்டான்.

அப்போதுதான் அவளுக்கு அந்தப் பெட்டி நினைவுக்கு வந்தது.

லண்டனுக்கு வந்த புதிதில் ஞானரட்ணம் அதைக் கொண்டுவந்து பூட்டினார். சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு டயலர் பெட்டி. உள்ளூர் இலக்கம் என்றால் அது பேசாமல் இருக்கும். 00 என்று வெளிநாட்டு இலக்கம் அழுத்தினால் மட்டும், அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, முதலில் மலிவு அழைப்புக் கம்பனியை எடுக்கும். அங்கே தூக்கியதும் மிச்ச இலக்கத்தைத் தானே அழுத்திக் கொடுக்கும். "நீ ஒண்டும் செய்யத் தேவையில்லை, சும்மா டயல் பண்ணு," என்றார் அவர். அவளும் சும்மா டயல் பண்ணிக்கொண்டுதான் இருந்தாள், இவ்வளவு வருடமும்.

தொலைபேசிக்குப் பின்னால் கண்ணாடி அலுமாரி நின்றது. சாமான்களை எல்லாம் இறக்கிக் கம்பளத்தில் வைத்துவிட்டு, தோளைக் கொடுத்து அதைத் தள்ளினாள். அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். முழங்காலில் இருந்து கையை உள்ளே விட்டபோது தூசிக்கு நடுவே பெட்டி தட்டுப்பட்டது. ஒரு சின்னப் பச்சை வெளிச்சம், ஒன்றும் நடவாதது போல எரிந்துகொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. ஞானரட்ணத்தை நினைத்தா, குளிர்காலம் முழுக்கப் பூட்டிய ஓர் அலுவலகத்தில் மணி அடித்துக்கொண்டிருந்ததை நினைத்தா என்று அவளுக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் நிலத்திலேயே இருந்தாள். பிறகு வயர் இரண்டையும் கழற்றி, தொலைபேசியை நேரே சுவரில் பூட்டினாள்.

00 49 என்று தொடங்கி அழுத்தினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நீண்ட ஒலி. நின்று, மறுபடி ஒரு நீண்ட ஒலி. லண்டனில் மணி இரண்டிரண்டாக அடிக்கும். ஜெர்மனியில் இப்படித்தான், ஒற்றையாக, நீளமாக அடிக்கும். அன்றெல்லாம் இரண்டிரண்டாக அடித்ததைத்தான் அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"யா?" என்றாள் நகுலேஸ்வரி.

"நகுலா. நான் ஜெயா."



"ஆர், ஜெயகௌரியோ? இப்பதான் நேரம் கிடைச்சதோ?"

"நான் எடுத்தனான், நகுலா. கிழமைக்குக் கிழமை எடுத்தனான். எல்லாம் வேறை எங்கையோ போயிருக்கு. இவர் பூட்டின ஒரு பெட்டி—"

"பெட்டியோ?"

ஜெயகௌரி பெட்டியைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல, அது பொய் மாதிரித் தனக்கே கேட்டது.

"செத்த மனுசன்ரை பெட்டியிலை பழியைப் போடாதை," என்றாள் நகுலேஸ்வரி. குரல் இறுகியிருந்தது. "மாசியிலை நான் குளிக்கிற இடத்திலை விழுந்து இடுப்பு உடைஞ்சு ஆஸ்பத்திரியிலை கிடந்தன். தெரியுமே உனக்கு? திரும்பி வந்து போனுக்குப் பக்கத்திலைதான் படுத்தனான். அது அடிக்கேல்லை."

"எனக்குத் தெரியாது, நகுலா. சத்தியமா எனக்குத் தெரியாது." என்றாள் ஜெயகௌரி. "நீ வேணுமெண்டு தூக்கேல்லை எண்டு நினைச்சன். நான் அப்பிடிச் சொன்னதுக்கு."



"நான் ஏன் தூக்காமல் விடுறன்?" என்றாள் நகுலேஸ்வரி, மெல்ல. "நீ கோவத்திலை வீட்டை வித்துப்போட்டு மகனிட்டைப் போயிட்டாய் எண்டு நினைச்சன். அந்த வீட்டு நம்பர் எனக்குத் தெரியாது. கிங்ஸ்பரி நம்பரை எடுத்தா இனி ஆரோ வெள்ளைக்காரர் தூக்குவினம் எண்டு எடுக்கேல்லை."

"நான் எங்கையும் போகேல்லை. இஞ்சைதான் இருக்கிறன்."

"நான் ஒருக்கா எடுத்துப் பாத்திருக்கலாம்," என்றாள் நகுலேஸ்வரி.

"ஓம். பாத்திருக்கலாம்," என்றாள் ஜெயகௌரி. அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது.

பிறகு இடுப்பைப் பற்றிப் பேசினார்கள். வந்து குளிக்க வார்க்கும் பெண் போலந்துக்காரி, கை கொஞ்சம் முரடு. படி ஏற முடியாததால் கோடை முடிய முதியோர் வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே அறைக்குள் தொலைபேசி தருவார்களா என்று நகுலேஸ்வரி இன்னும் கேட்கவில்லை.

"முதல்லை அதைக் கேள்," என்றாள் ஜெயகௌரி.

பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல மறந்தது, வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. வீடு முன்னர் போலவே அமைதியாக இருந்தது. பீங்கான் கோப்பைகள் கம்பளம் முழுக்கப் பரவிக் கிடந்தன. ரதீசனை எடுத்தாள், மீட்டிங்கில் இருக்கிறேன் அம்மா, பிறகு எடுக்கிறேன் என்றான். ஒரு கோப்பையைத் துடைத்து அலுமாரியில் வைத்தாள். இரண்டாவதை எடுத்தவள், அதைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் இலக்கத்தை அழுத்தினாள்.

"என்ன?" என்றாள் நகுலேஸ்வரி.

"ஒண்டுமில்லை. அடிக்குதோ எண்டு பாத்தனான்."

"அடிக்குது," என்றாள் நகுலேஸ்வரி. "வையாதை, கொஞ்சம் நில். சூப் பொங்குது, அடுப்பைக் குறைச்சிட்டு வாறன்."

அவள் தடியை ஊன்றி ஊன்றிக் குசினிக்குப் போகும் சத்தம் தூரத்தில் கேட்டது. ஜெயகௌரி காத்துக்கொண்டிருந்தாள்.