ரோவெலின் கட்டினது

பாருங்கள். நகர்ந்து போய்விடாதீர்கள், லாரியின் பின்தட்டில் இருக்கும் இந்த மடிக்கணினித் திரையை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். மேடும் பள்ளமுமாகப் பச்சைக் கோடு ஓடுகிறதே, அது ஒரு பாட்டு. அதன் நடுவில் தாளமெல்லாம் அடங்கி, எட்டு எண்ணிக்கை நேரம் ஒரு பெண்ணின் குரல் மட்டும் தனித்து நின்று தன் பெயரைச் சொன்ன இடம் ஒன்று இருந்தது. இப்போது இல்லை. கத்தி எடுக்கவில்லை, கதவு உடைக்கவில்லை. சுட்டியை ஒருமுறை அழுத்தினார்கள், பெயர் போயிற்று. கூச்சல் எழாமல், குருதி சிந்தாமல், பட்டப்பகலில், சான் ரூபினோ வட்டாரத்தின் ஆண்டு விழாவில், ஆயிரம் பேர் கூடியிருந்த கூடைப்பந்து மைதானத்தின் ஓரத்தில் நடந்த களவு இது. சாட்சி சொல்ல ஆள் வேண்டும். நீங்கள் நில்லுங்கள்.

ரோவெலின் நின்றாள். இருபது வயது. நெற்றியில் ஒட்டிய முடியைக் கூட ஒதுக்காமல் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். காதில் ஜொமாரின் காதொலிப்பான். அதில் அவள் கட்டிய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் தொடக்கத்திலேயே, அவள் வைக்காத ஓர் ஆண்குரல், கிணற்றுக்குள் விழுந்தவன் கத்துவதைப்போல எதிரொலித்தது: "டிஜே எலி! டிஜே எலி! எலி! எலி!"

"நடுவுல இருந்த எட்டு எங்க?" என்றாள்.

ஜொமார் லாரி உரிமையாளரின் தங்கை மகன்; ஒலிபெருக்கிகளை இயக்குகிறவன். "அது சும்மாக் கெடந்த எடம்தானே? தாளமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாமா எடுக்கச் சொன்னாரு, எடுத்துட்டேன்."

"சும்மாக் கெடந்த எடமா? ஆடறவங்க திரும்பற எடம் அது. மீன்சந்தை அக்காங்க ஆறு வாரமா அந்த எட்டுல திரும்பிப் பழகியிருக்காங்க. நடுரோட்டுல ஒருத்தர் மேல ஒருத்தர் விழுவாங்க."

"உன் பேரு போச்சேன்னு கதை கட்டாத இண்டாய்," என்றான், அந்த ஊரில் இளம்பெண்களை விளிக்கும் சொல்லால்.

அவனுக்குத் தெரிய நியாயமில்லை. மீன்சந்தைப் பெண்கள் ஒத்திகை பார்த்தது விடியலில், முதல் படகு கரையேறுவதற்கு முன். அந்த நேரத்தில் ஜொமார் ஒரு நாளும் கண் விழித்ததில்லை. ஒலிபெருக்கி லாரிக்காரர்களுக்கு ஆட்டம் என்பது பாட்டுக்குப் பின்னால் தானாக நடப்பது. அதற்கும் எண்ணிக்கை உண்டு என்று அவர்களில் எவரும் நினைத்துப் பார்த்தது கிடையாது.

நான்கு ஆண்டுகளாக இப்படித்தான். ஒரு பீசோ நாணயம் போட்டால் ஐந்து நிமிடம் ஓடும் சித்தியின் கணினிக் கடையில் ரோவெலின் தன் தொழிலைத் தொடங்கினாள். அங்கே இயந்திரத்தை அணைத்தால் அதற்குள் இருந்ததெல்லாம் அழிந்துபோகும். கடைகளில் அப்படித்தான் வைப்பார்கள். அவளுடைய முதல் பதினொரு பாட்டுகள் அப்படியே மறைந்தன. பன்னிரண்டாவது பாட்டுக்கு முன் கட்டைவிரல் அளவு சேமிப்புக் குச்சி ஒன்றை வாங்கிக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். அதன்பிறகு முப்பத்தேழு பாட்டுகள். தாவாவ் நகரத்தின் சிற்றுந்துகளான ஜீப்னிகளில் அவை ஓடின; திருமணங்களில் ஓடின; முழங்காலை விரித்து இடுப்பைத் தாழ்த்தி அலைபோல் அசையும் அந்த ஆட்டம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் ஓடின. ஒவ்வொன்றும் லாரிக்காரர் ஒருவரின் பெயரோடு. ஒருமுறை ஜீப்னியில் தன் பாட்டையே கேட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம், "இது நான் கட்டினது" என்று பெருமை தாங்காமல் சொல்லிவிட்டாள். அவர் ஏற இறங்கப் பார்த்து, "அப்படியா? இந்த ஜீப்னிய நான்தான் செஞ்சேன்" என்றார். வண்டியே சிரித்தது. அவளும் சிரித்தாள். தன் நிறுத்தம் வருமுன்பே இறங்கி நடந்தாள்.

ஆனால் இன்று வேறு நாள். ஆகஸ்ட் மாதத்து நகரத் திருவிழாவின் பேரணிக்கு இசை அமைக்கப்போகும் ஆளைத் தேடி அமைப்பாளர் ஃபெலிசா அம்மையாரே வந்து உட்கார்ந்திருந்தார். ஐந்து குழுக்கள் பரிசுக்கு ஆடும்; மார்க் போடுவதும் அவரே. எந்தப் பாட்டு அவர் காலை அசைக்கிறதோ, அதைக் கட்டியவருக்கே ஆகஸ்ட். மீன்சந்தைக் குழுவின் படிவத்தில், இசை என்ற இடத்துக்கு எதிரே, "டிஜே எலி" என்று குண்டுகுண்டாக எழுதியிருந்தது.

ரோவெலின் லாரியின் முன்பக்கம் ஓடினாள். டிஜே எலி என்கிற லாரி உரிமையாளர் எலிசார் வண்டியின் படியில் உட்கார்ந்து, சர்க்கரையில் பொரித்த வாழைப்பழத்தைக் குச்சியோடு கடித்துக்கொண்டிருந்தார்.

"குயா, என் பேர ஏன் எடுத்தீங்க?" அண்ணன் என்ற பொருளில் அவரை அப்படித்தான் அழைப்பாள்.

"வா இண்டாய், சாப்பிட்டியா? இந்தா ஒண்ணு."

"பேரு, குயா."

அவர் விரலை நக்கினார். கோபமே இல்லை, அதுதான் கொடுமை. "லாரி யாரோடது? என்னோடது. பொட்டி? என்னோடது. ஜெனரேட்டர், ஒயரு, டீசல்? எல்லாம் என்னோடது. அப்புறம் அதுலேர்ந்து வர்ற சத்தம் மட்டும் எப்படி உன்னோடதாகும்? நீ சின்னப் பொண்ணு. லாரி மேல நின்னு கை தூக்குறதுக்கு ஒரு ஆளு வேணும். சனங்க என்னத்தான் பாக்குது. உனக்குன்னு ஒரு காலம் வரும்."

உனக்கென்று ஒரு காலம் வரும்! உழைப்பைப் பிடுங்கிக்கொண்டவர்கள் கையில் கொடுக்கும் ஒரே கூலி இந்த வாக்கியம். தையல் இயந்திரத்தின் முன் குனிந்தவளுக்கும், சமையற்கட்டில் வெந்தவளுக்கும், அடுத்தவர் உரைக்குச் சொல் தேடிக் கொடுத்தவளுக்கும் இதையே கொடுத்தார்கள். காலம் தானாக வந்ததாக எந்த ஊரிலும் செய்தி இல்லை.

சாலையில் மீன்சந்தைப் பெண்கள் நாற்பது பேர் வரிசை கட்டி நின்றார்கள். அரிசிச் சாக்கின் நாரைப் பிரித்து நீலச்சாயம் ஏற்றிப் பின்னிய பாவாடை. தலையில் தகரத்தில் வெட்டிய மீன். காலில், சந்தையில் அன்றாடம் போடும் அதே வெள்ளை ரப்பர் பூட்ஸ். வரிசையின் முன்னால் கோர்கோனியா. சூரை மீனை இரண்டு வெட்டில் துண்டாக்குகிற கை. எல்லாருக்கும் அவள் ஆத்தே கோரிங், அதாவது கோரிங் அக்கா.

"ஆத்தே, அந்த எட்ட வெட்டிட்டாங்க!" ரோவெலினுக்கு மூச்சு வாங்கியது. "என் பேரு வராது. உடனே அடுத்த தாளம் விழுந்துடும். நீங்க அந்த எட்ட விட்டுட்டு எண்ணுங்க. என் பேரு போனாப் போகட்டும், நீங்க தோக்கக் கூடாது."

கோரிங் உதட்டுச் சாயத்தைக் கையால் ஒற்றிக்கொண்டே கேட்டாள்: "எந்தப் பொறுக்கி வெட்டினான்?"

"ஆத்தே, நேரமில்ல, எல்லார்கிட்டயும் சொல்லுங்க..."

"பின்வரிசையில இருக்கற தெல்மாவுக்கு வலது எது எடது எதுன்னு சொல்லிக்குடுக்கவே மூணு வாரம் ஆச்சு. இப்ப போயி எட்ட விடுன்னா அவ ஊரையே விட்டுப் போயிடுவா."

பின்வரிசையிலிருந்து தெல்மாவின் குரல்: "கேக்குது, கோரிங்!"

அவர்கள் சிரித்து முடிக்குமுன் லாரி உறுமியது. டிஜே எலி, எலி, எலி. அப்புறம் விழுந்தது பாட்டு.

அதை எழுத்தில் எப்படி வைப்பது? தரை முதலில் கேட்டது, காது பிறகு. நெஞ்சுக்கூட்டின் உள்ளே யாரோ கதவைத் தட்டுவதுபோல அடித்தாளம். அதன்மேல் குருவிக்குப் பைத்தியம் பிடித்தாற்போல் ஒரு கீச்சொலி, தீயூ தீயூ என்று ஏறி இறங்கி வம்பிழுத்தது. இரண்டுக்கும் நடுவே கரகரவென்று பல்லைக் கூசவைக்கும் ஒரு முரட்டு ஓசை. எண்பது ரப்பர் பூட்ஸ்கள் ஒரே நேரத்தில் தார்ச்சாலையில் இறங்கின. நாற்பது இடுப்புகள் தாழ்ந்தன. ஐஸ் விற்பவர் வண்டியை மறந்தார். ஃபெலிசா அம்மையாரின் விசிறி நின்றது. மேசைக்கடியில் அவர் செருப்பு தாளம் போடுவதை ரோவெலின் கண்ணால் கண்டாள். தன் பெயர் அதில் இல்லையென்று தெரிந்தும் அவள் உடம்பு துள்ளியது. பெற்றவளுக்குப் பிள்ளை ஓடுவதைப் பார்த்தால் போதும், அது யார் வீட்டுச் சட்டையைப் போட்டிருந்தால் என்ன என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

அந்த இடம் வந்தது.

பாட்டு நிற்காமல் அடுத்த தாளத்துக்குப் பாய்ந்தது. நாற்பது பெண்களோ நின்றார்கள். யாரும் கட்டளையிடவில்லை. ஆறு வாரம் பழகிய கால்கள் தாமாக நின்றன, ஆறு வாரம் பழகிய வாய்கள் தாமாகத் திறந்தன. ஒத்திகையில் ஒவ்வொரு விடியலிலும் பாட்டோடு சேர்ந்து கத்தியதை இப்போது பாட்டின் துணையின்றிக் கத்தின:

"ரோவெலின் கட்டினது!"

பாட்டு ஓரிடத்தில், ஆட்டம் ஓரிடத்தில். பின்வரிசை முன்வரிசையின் மேல் சாய்ந்தது. தகர மீன் ஒன்று உருண்டு சாக்கடையோரம் போனது. கூட்டம் ஓவென்றது. இரண்டு அடி வேகமாக வைத்தால் கோரிங் தாளத்தைப் பிடித்துவிடலாம்; பரிசைக் காப்பாற்றிவிடலாம். அவள் காலைத் தூக்கினாள். லாரியைப் பார்த்தாள். தூக்கிய காலைத் தரையில் ஓங்கி வைத்து, இடுப்பில் கை ஊன்றி நின்றுவிட்டாள். அவள் நிற்க, மற்றவர்களும் நின்றார்கள். ஆட்டமில்லாத சாலையில் பாட்டு மட்டும் அசட்டுத்தனமாகக் குதித்துக்கொண்டிருந்தது. வேறு வழியின்றி ஜொமார் அதை நிறுத்தினான்.

எலிசார் ஒலிவாங்கியைப் பிடுங்கினார். "மன்னிக்கணும் மேடம், மெஷின்ல சின்னக் கோளாறு!"

"கோளாறு இல்ல மேடம், களவு!" கோரிங்குக்கு ஒலிவாங்கி தேவைப்படவில்லை. சந்தையில் நாலு கடை தாண்டி விலை சொல்லிப் பழகிய தொண்டை அது.

ஃபெலிசா அம்மையார் எழுந்தார். "நீங்க நின்னுட்டதால உங்களுக்கு மார்க் போகும். அது தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"சரி. எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இத யாரு கட்டினது?"

"நான்தான் மேடம்," என்றார் எலிசார். "படிவத்துலயே இருக்கே."

"அப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லு எலிசார்," கோரிங் நாலடி முன்னால் வந்தாள். "கரகரன்னு ஒரு சத்தம் வருதே, அத எங்கருந்து எடுத்த?"

எலிசார் லாரியைப் பார்த்தார், ஜொமாரைப் பார்த்தார், வானத்தையும் பார்த்தார். "அது... கீபோர்டுதான். ஸ்பெஷல் கீபோர்டு. சிங்கப்பூர்லேர்ந்து வந்தது."

மீன்சந்தைக் குழு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. தெல்மா கண்ணைத் துடைத்தபடியே கத்தினாள்: "நாலாம் நம்பர் கடை ஐஸ் ஒடைக்கிற மெஷினு மேடம்! அந்தச் சத்தத்தப் புடிக்கறதுக்கு அந்தப் பொண்ணு போனக் கையில வச்சிக்கிட்டு அதுகிட்டயே காவக் காத்துச்சு. காதலனுக்குக்கூட யாரும் அப்படி நின்னதில்ல!"

மைதானம் அதிர்ந்தது. அந்தச் சிரிப்புக்கு முன்னால் எந்த ஒலிபெருக்கியும் எடுபடாது. ஜொமார்தான் முதலில் அசைந்தான். மாமாவின் முகத்தைப் பார்க்காமல், மடிக்கணினியின் முன்னிருந்து எழுந்து, தன் இருக்கையைக் கையால் துடைத்தான். "அங்க ஒத்திகையில இப்படிக் கத்துவாங்கன்னு எனக்குத் தெரியாது. மேல வா," என்று முணுமுணுத்தான்.

ரோவெலின் ஏறினாள். லாரியின் உயரத்திலிருந்து தெருவை அவள் பார்ப்பது இதுவே முதல் முறை. கழுத்துக் கயிற்றைக் கழற்றி, சேமிப்புக் குச்சியை மடிக்கணினியில் செருகினாள். ஒலிவாங்கியில் ஆயிரம் பேருக்குச் சொல்ல எத்தனையோ இருந்தும், சுருக்கமாகச் சொன்னாள்: "முதல்லருந்து போடறேன். நடுவுல ஒரு எட்டு வரும். அக்காங்க எண்ணுவாங்க, கூட எண்ணுங்க."

பாட்டு விழுந்தது. பூட்ஸ்கள் இறங்கின. தாளம் ஏறி, ஏறி, இனி ஏற இடமில்லை என்னும் விளிம்பில் சட்டென்று அடங்க, பெரும்பெரும் ஒலிபெருக்கிகளில் அவளுடைய சொந்தக் குரல், கொஞ்சம் சளி பிடித்த குரல், முழு அளவில் நின்றது. அதை யாரும் கேட்கவில்லை! ஏனெனில் நாற்பது பேர் அல்லர், மைதானமே அதைக் கத்தியது, கூரைத்தகடுகள் கத்தின, திரும்பிய நாற்பது பாவாடைகளின் காற்று கூட்டத்தின் முதல் வரிசை முகத்தில் அடித்தது. ரோவெலின் கையைத் தூக்கவே மறந்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

ஆகஸ்ட் யாருக்கு என்பதை ஃபெலிசா அம்மையார் அன்று அறிவிக்கவில்லை. மீன்சந்தைக்கு மார்க் போனது போனதுதான். ஆனால் அவர்களுடைய படிவத்தைக் கொண்டுவரச் சொல்லி, பேனாவின் மூடியைக் கழற்றினார். அவ்வளவுதான் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் கண்டது. ஆனால் சாலையில் வேறொன்று நடந்தது. அடுத்து ஆட வேண்டிய குழு, பச்சை உடையில் நின்ற துணி வெளுக்கும் பெண்கள், தங்கள் லாரி உறுமியதும் அசையவில்லை. அவர்களின் தலைவி சாவகாசமாகத் திரும்பி, ஓட்டுநர் இருக்கையைப் பார்த்துக் கேட்டாள்: "எங்களோடத யாரு கட்டினது?" ஓட்டுநர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அவள் மறுபடியும் கேட்டாள். இந்த முறை அவளோடு முப்பது பேர் கேட்டார்கள்.

நீங்களும் கேளுங்கள். உங்கள் தெருவில், உங்கள் வீட்டுத் திருமணத்தில், நீங்கள் ஏறும் பேருந்தில், அடுத்த பாட்டு விழும்போது, லாரி யாருடையது என்று பார்க்காதீர்கள். இதைக் கட்டியவர் யார் என்று கேளுங்கள். பெயர் வரட்டும். அதுவரை காலைத் தூக்காதீர்கள்.