கூட்டு ரோட்டு மாதா

1974ஆம் வருஷம் மே மாதத்து முதல் சனிக்கிழமை, சம்மனசுபாளையம் அடைக்கல மாதா கோயிலில் அமுதம் பாடிய பாட்டு, அவள் பாடி முடித்து, தாளம் போட்ட பித்தளைக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகும் கோயிலை விட்டுப் போகவில்லை. பெண்கள் பக்கத்து மூன்றாவது தூணில், ஆள் உயரத்தில் நின்றுகொண்டது. மறுநாள் காலைப் பூசைக்கு வந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டு, அமுதம் எங்கே என்று தேடினார்கள். அமுதம் அப்போது வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். கோயில்பிள்ளை யாகப்பன் கதவு சன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, ஒட்டடைக் கம்பால் தூணைத் தட்டிப் பார்த்தார். சாம்பிராணி போட்டுப் பார்த்தார். அவருக்குத் தும்மல் வந்ததே தவிர, பாட்டு அசையவில்லை. சாமியார் அன்றைக்குப் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார். அதை யாரும் நஷ்டமாக நினைக்கவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் பக்கத்திலிருந்து ஆட்கள் பஸ் பிடித்து வந்து தூணில் காதை வைத்துக் கேட்டார்கள். கோயில் வாசலில் வறுத்த மல்லாட்டைக் கடலை விற்கிறவன் ஒருவன் நிரந்தரமாகக் கடை போட்டான்.

அந்தக் கோயிலில் கச்சேரி நடக்க ஆரம்பித்ததற்குக் காரணம் பக்தி இல்லை, விசில். அதுவரைக்கும் ஊர்க்காரர்கள் சினிமா மெட்டில் ஏசுவைப் போட்டுத்தான் பாடினார்கள். ஒரு திருவிழாவுக்கு ஆயர் வந்திருந்தபோது காணிக்கைப் பாட்டுக்கு அவர்கள் எடுத்த மெட்டு, படத்தில் ஒருத்தி கையில் கோப்பையோடு ஆடுகிற மெட்டு. படத்தில் விசில் வருகிற இடத்தில் பின்னால் நின்ற இளந்தாரிகள் பழக்க தோஷத்தில் விசில் அடித்துவிட்டார்கள். ஆயர் பூசையை முடித்துக்கொண்டு காரில் ஏறிப் போனார். ஆனால் அறுவடைக்குள் பழைய சாமியார் மாற்றலாகிப் போய், இளவயதில் புதுச் சாமியார் வந்தார். இனிமேல் சினிமா மெட்டு கூடாது, மாதத்து முதல் சனிக்கிழமை ஜெபமாலை முடிந்ததும் யார் வேண்டுமானாலும் முன்னால் வந்து பாடலாம், சொல்லும் மெட்டும் சொந்தமாக இருக்க வேண்டும், ஒரு ஆள், ஒரு வாத்தியம் என்று அவர் பீடத்திலிருந்தே அறிவித்தார். முதல் வருஷம் கேட்கச் சகிக்கவில்லை. கரும்பு வண்டி ஓட்டுகிறவர் மவுத் ஆர்கன் ஊதித் தன் எருதுகளின் பெருமையைப் பாடினார். அடுத்த மாதமும் அதையே பாடினார். இரண்டாம் வருஷத்தில் ஜனங்கள் பாய் எடுத்துவந்து இடம் போட்டார்கள்.

புதுச் சாமியாருக்கு இந்த யோசனையைச் சொன்னதே இன்னாசியின் மகள் ஜெயசீலிதான். அந்தப் பங்கில் பி.ஏ. முடித்த முதல் பெண். கறுப்பு அங்கி போட்ட அவளுடைய போட்டோவை இன்னாசி இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் அதைக் காட்டுவார். காட்டிவிட்டு, அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவர அவளையே அனுப்புவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த சொல்தா ஒருவர் டவுனில் இருந்தார். காலேஜ் விட்டு வரும் வழியில் அவரிடம் ஜெயசீலி கித்தார் கற்றுக்கொண்டாள். அவர் சாகும்போது கித்தாரை அவளுக்கே கொடுத்துவிட்டார். அவள் எழுதிய பாட்டுகளில் எதுகை தவறாது, தாளம் தவறாது. ஆனால் அவள் பாடினால் பாட்டு வாயிலிருந்து கிளம்பி நேராக வடக்குச் சன்னல் வழியாக வெளியே போய்விடும். கோயிலுக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. வெளியே கரும்புக் கொல்லையில் சோகை உரித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டது. அவர்கள் தலையைத் தூக்குவதற்குள் அவர்களையும் தாண்டிப் போய்விட்டது.

அமுதம் அவளுக்கு அண்ணி. அண்ணன் கிருமாம்பாக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள், எட்டாவது தேறாதவள். ஞானஸ்நானத்தில் அவளுக்கு அமலோற்பவம் என்று பேர் வைத்தார்கள், யாரும் கூப்பிடவில்லை. அடக்கமானவள் என்று அவளைச் சொல்ல முடியாது. ஞாயிறுதோறும் அந்தத் தூணுக்குக் கீழேயே இடம் பிடித்து, தன் பாட்டுக்குத் தானே தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாட்டு இதுதான். மாதா கர்ப்பமாக இருக்கிறாள். எலிசபெத்தம்மாளைப் பார்க்கப் போக வேண்டும். பஸ் வரவில்லை.

*தவளக்குப்பம் கூட்டு ரோட்டுல
தாயி ஒருத்தி நிக்கிறா
தல நெறைய வெயில சொமந்து
தனியா வந்து நிக்கிறா*

இவ்வளவோடு நின்றிருந்தால் ஜெயசீலி பொறுத்துக்கொண்டிருப்பாள். பஸ் வந்து மாதா ஏறியதும் இரண்டாவது சரணம் வரும்.

*சன்னலோரம் குந்திக்கினு
பொஸ்தகத்தப் பாக்குறா
படிச்ச பொண்ணு பாத்தும் பாக்காம
பக்கத்தத்தான் திருப்புறா*

அந்த இடம் வரும்போது கோயிலில் இருந்த அத்தனை தலையும் ஜெயசீலி பக்கம் திரும்பும். தூணில் பாட்டு ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருந்ததால், அவள் எந்நேரம் கோயிலுக்குள் கால் வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் அந்தச் சரணம் வந்துவிடும். இலக்கணம் தெரியாதவள், சுருதி என்றால் என்ன என்று கேட்கிறவள், குடத்தைத் தட்டிக்கொண்டு ஒரு பாட்டுப் பாடினாள், அதற்குக் கோயிலே இடம் கொடுத்துவிட்டது. ராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு எழுதிய தன் பாட்டுக்குச் சன்னல் திறந்திருக்கிறது என்று ஜெயசீலி நினைக்க நினைக்க, வீட்டில் இட்லி மாவு புளித்தது. காலையில் அரைத்தால் பதினோரு மணிக்குப் பொங்கி அடுப்படியில் ஓடியது.

"ஜெயா, கொஞ்சம் அந்தாண்ட போய் நில்லுடி. மாவு பொங்குது" என்பாள் அமுதம்.

"நான் இன்னா பண்ணேன் ஒன் மாவ?"

"ஒண்ணும் பண்ணல. பாத்த இல்ல? அது போதும்."

விஷயம் தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் அவசரத்துக்கு மாவுப் பானையைக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இன்னாசி வீட்டு வாசலில் பானைகள் வரிசையாக நின்றன. ஜெயசீலி வாசல்படியில் உட்கார்ந்து கோயில் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் மத்தியானத்துக்குள் புளித்துவிட்டன.

1976 திருவிழாவுக்கு டவுன் ரேடியோ நிலையத்திலிருந்து ஆதிமூலம் என்ற ஆபீசர் ஜீப்பில் டேப் மெஷின் ஏற்றிக்கொண்டு வந்தார். கிராம நிகழ்ச்சிக்கு ஒரு பாட்டுக்காரி வேண்டும், ஒருத்திக்குத்தான் இடம், மாதச் சம்பளம் என்றார். அதே மாதம் மண்ணாடிப்பட்டிலிருந்து கரும்புக்காரர் ஒருவர் தன் மகனுக்கு ஜெயசீலியைக் கேட்டு வந்திருந்தார். பெண் படித்திருப்பது பரவாயில்லை, பேசாமல் இருந்தால் போதும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. இன்னாசி யோசித்துவிட்டு மகளிடம், "ரேடியோல எடுத்துக்கினா போ. எடுக்கலன்னா ஆவணில கல்யாணம். அந்தக் கித்தார யாருக்காச்சும் குடுத்துடு" என்று முடித்துவிட்டார்.

முதலில் அமுதம் பாடினாள். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆதிமூலம் டேப்பைத் திருப்பிப் போட்டுக் கேட்டால், அதில் யாகப்பன் இருமியது மட்டும் இருந்தது. இன்னொரு தடவை பாடச் சொன்னார். அப்போதும் இருமல்தான்.

"மெஷின் ரிப்பேரா சார்?" என்று கேட்டாள் அமுதம்.

"மெஷின் நல்லாத்தாம்மா இருக்குது. ஒம் பாட்டுதான் உள்ள வர மாட்டேன்னுது."

அடுத்து ஜெயசீலி கித்தாரோடு வந்து நின்றாள். கோயிலில் ஒருவருக்கும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. டேப்பில் மட்டும் எல்லாம் இருந்தது, ஒரு மெய்யெழுத்துகூட விடாமல். வெளியே போகக் காத்திருந்த பாட்டுக்குச் சன்னலைவிட மெஷின் கிட்டத்தில் இருந்தது, அவ்வளவுதான். ஆதிமூலம் அங்கேயே அவள் பேரை எழுதிக்கொண்டார். அன்று அரைத்த மாவு மூன்று நாளாகியும் புளிக்கவில்லை. அமுதம் அதைக் கல்லுக் கல்லாகத் தோசை வார்த்து எல்லோருக்கும் போட்டுவிட்டு, கோயிலுக்குப் போய்த் தூணடியில் உட்கார்ந்துகொண்டாள்.

ஜெயசீலி டவுனில் ஹாஸ்டலில் தங்கி இரண்டு வருஷம் பாடினாள். அவள் பாட்டு கடலூர் தாண்டி, பண்ருட்டி தாண்டிப் போனது. ஆனால் எங்கும் தங்கவில்லை. டீக்கடையில் கிளாஸைக் கையில் பிடித்தபடி வாய் பிளந்து கேட்டவர்கள், அவள் முடித்ததும் என்ன கேட்டோம் என்பது தெரியாமல் ஆறிப்போன டீயைக் குடித்தார்கள். லீவுக்கு வீட்டுக்கு வந்து, நேற்று பாடியதைக் கேட்டீர்களா என்றால், "பாடுனியா? ஆமா, பாடுன மாதிரிதான் இருந்துச்சு" என்பார் இன்னாசி. அதே நேரம் தூணில் அந்தப் பாட்டு துளி தேயாமல் ஓடிக்கொண்டிருந்தது. புதுப் பெண் மாப்பிள்ளைகள் அதன் முன்னால் நின்று போட்டோ பிடித்துக்கொண்டார்கள்.

1978 ஐப்பசியில், மழை அடித்த ஒரு சாயங்காலம், ஜெயசீலி ஸ்டுடியோவில் உட்கார்ந்து அண்ணியின் பாட்டைப் பாடினாள். இயற்றிப் பாடுபவர் ஜெயசீலி என்று அறிவித்தார்கள், அவள் மறுக்கவில்லை. இரண்டாவது சரணத்தை மட்டும் விட்டுவிட்டாள்.

பாட்டு ஸ்டுடியோவை விட்டுப் போகவில்லை. அடுத்து வந்த வேளாண் அதிகாரி கரும்பில் செவ்வழுகல் நோயைப் பற்றிப் பேசும்போது அவருக்குப் பின்னால் அது ஓடியது. செய்தி வாசித்தவரின் பேச்சு அதில் சிக்கிக்கொண்டது; மந்திரி தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் நிற்பதாகப் பல ஊர்களில் புரிந்துகொண்டார்கள். தச்சரைக் கூப்பிட்டுச் சுவரில் ஒட்டிய அட்டைகளைப் பிரித்தார்கள். பாட்டு எதிர்ச் சுவருக்கு மாறி உட்கார்ந்தது. அதைவிட மோசம், பாடியது ஜெயசீலி, ஆனால் சுவரில் கேட்டது அமுதத்தின் குரல். குடச் சத்தமும் இருந்தது. அவள் பாடாமல் விட்ட இரண்டாவது சரணமும் இருந்தது.

டேப்பில் ஏறாத பாட்டு, ஜெயசீலி வாய் வழியாகப் போனதால் ரேடியோவில் ஏறியிருந்தது; சம்மனசுபாளையம் முழுக்க அதைக் கேட்டது. அந்த வாரக் கடைசியில் ஜெயசீலி டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனபோது, அமுதம் கொல்லையில் மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாம்மா ரேடியோக்காரி" என்றாள், நிமிராமல்.

"அண்ணி..."

"எடுத்ததுதான் எடுத்த. முழுசா எடுக்க வேணாமா? ரெண்டாவது சரணத்த எங்கடி வுட்ட?"

"அது என்னத்தானே சொல்லுது?"

"பின்ன? இந்தூர்ல பஸ்ஸுல பொஸ்தகம் வச்சிக்கினு குந்தறவ வேற யாரு? எனக்கு அப்ப அஞ்சு மாசம். தவளக்குப்பத்துலேருந்து வூடு வர்ற வரைக்கும் கம்பியப் புடிச்சிக்கினு நின்னேன். நீ பாத்த. பாத்துட்டு பக்கத்தத் திருப்பின."

ஜெயசீலிக்கு அது ஞாபகம் இருந்தது. மறுநாள் பரீட்சை. ஆனால் பரீட்சைக்காக மட்டும் அவள் உட்கார்ந்திருக்கவில்லை. வீட்டில் எல்லோரும் அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தின பரீட்சையில் அவள் முதல் வகுப்பில் வந்ததை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை அவள் சொல்லவில்லை. "நீ கோயில்ல ஒக்காந்துக்கினு உன் பாட்ட நீயே கேக்குற. எனக்கு எப்பிடி இருக்கும்னு நெனச்சியா?" என்று மட்டும் கேட்டாள்.

"எனக்கு எப்பிடி இருந்துச்சாம்?" என்று அமுதம் கத்தியைக் கீழே போட்டாள். "ஒம் பாட்டு பண்ருட்டி போவுது. எம் பாட்டு அந்தத் தூண வுட்டு ஒரு சாண் நவுந்துச்சா? எங்க அம்மா வூட்ல கேக்கணும்னா பஸ் ஏறி வரணும். ரேடியோல ஒம் பேரு சொல்றப்பலாம் எனக்கு வவுறு எரியுது. நீ ஹாஸ்டலுக்குப் போன அடுத்த வாரத்துலேருந்து இந்த வூட்ல மாவு இன்னமும் பதினோரு மணிக்குப் பொங்கிக்கினுதான் இருக்குது. யாரு பாத்துப் பொங்குதுன்னு நெனச்ச?"

ஜெயசீலி மன்னிப்புக் கேட்கவில்லை. அமுதமும் அதற்காகக் காத்திருக்கவில்லை. மீனில் பாதியை நாத்தனார் பக்கம் தள்ளிவிட்டாள். இரண்டு பேரும் எதிரெதிராகக் குந்தி, யார் மீன் சுத்தமாக இருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்தபடி ஆய்ந்து முடித்தார்கள்.

ரேடியோ நிலையத்தார் ஜெயசீலியை வேலையை விட்டு அனுப்புவதாகத்தான் இருந்தார்கள். ஆனால் அந்த ஸ்டுடியோவில் யார் பேசினாலும் பேச்சு பாட்டில் சிக்கியது. ஜெயசீலியின் பேச்சு மட்டும்தான், வழக்கம்போல எங்கும் நிற்காமல், நேராக வெளியே போனது. அதனால் அவளுடைய பாட்டு நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு, சாயங்காலம் விளைபொருள் விலை வாசிக்கும் வேலையை நிரந்தரமாகக் கொடுத்தார்கள். அவளுக்கு வேலை போகும் என்று அதுவரை காத்திருந்த மண்ணாடிப்பட்டுக்காரர், தினமும் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிற பெண் வேண்டாம் என்று வேறு இடம் பார்த்துக்கொண்டார். சுவரில் இருந்த அமுதத்தின் பாட்டு கிருமாம்பாக்கத்தில் கேட்டது, பண்ருட்டியில் கேட்டது. அதை யார் கட்டியது என்று அறிவிப்பு எதுவும் கிடையாது என்பதில் அமுதத்துக்கு வருத்தம் தீரவில்லை. எண்பதுகளிலும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. நெல், கரும்பு, எள், உளுந்து என்று ஜெயசீலி வரிசையாக வாசிப்பாள், பின்னால் அண்ணி குடம் தட்டிப் பாடிக்கொண்டிருப்பாள். இரண்டாவது சரணம் மணிலாக் கடலை விலைக்கு நேராக வந்து விழும். அந்த இடத்தில் மட்டும் ஜெயசீலி குரலை ஏற்றி வாசிப்பாள். பாகூர் பக்கத்து விவசாயிகள், மணிலா விலை என்றாலே உரக்கத்தான் வாசிக்க வேண்டும்போல என்று எடுத்துக்கொண்டார்கள்.