ராக்காயியின் தொண்ணூறு

கழுத்துக் கட்டியை அறுத்தெடுத்த பிறகு ராக்காயி தினம் ஒரு மாத்திரையால்தான் நடமாடினாள். கழுத்தில் சுரக்க வேண்டிய ஹார்மோன் அவளுக்கு இனிச் சுரக்காது. அந்த வேலையை மாத்திரை செய்தது. முதல் ரத்தப் பரிசோதனை முடிந்ததும், ஈப்போவில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் ஆம்புரோஸ் அவள் புருஷன் சன்னாசியிடம் சொன்னார்:

"ரெண்டுதான் இருக்கு. அஞ்சுக்கு மேல வரணும். ஆனா பன்னெண்டத் தாண்டக் கூடாது. தாண்டினா நெஞ்சு படபடன்னு அடிச்சே ஆளக் கொன்னுடும்."

சன்னாசி அதைச் சாமி வாக்காகப் பிடித்துக்கொண்டான். மாத்திரையால் எண் ஏழுக்கு வந்தது. ராக்காயி பழையபடி வாயாடத் தொடங்கினாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆம்புரோஸ் காலமானார், கிளினிக்கை மூடிவிட்டார்கள். அவர்கள் பால்மரம் வெட்டிவந்த சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டமும் கைமாறி, இவர்கள் ஜெலாப்பாங்கிற்குக் குடிவந்திருந்த நேரம். புதிதாக ஒரு மருத்துவமனையில் ரத்தம் கொடுத்தார்கள். டாக்டரைப் பார்க்க மூன்று மாதம் கழித்துத்தான் தவணை தந்தார்கள். முடிவுத்தாளை மட்டும் முன்பே கையில் கொடுத்துவிட்டார்கள். அதில் தொண்ணூறு என்றிருந்தது.

"தொண்ணூறா? எங்க ஆயா வயச எழுதிட்டானுங்களா?" என்று ராக்காயி சிரித்தாள்.

"சிரிக்காத புள்ள. பன்னெண்டுக்கே சாவுன்னாரு டாக்டரு. இனிமே அந்த மாத்திரயத் தொடாத லா."

"யார்கிட்டயாச்சும் ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்களேன்."

"கேட்டுட்டு வாரதுக்குள்ள ஒன் நெஞ்சு வெடிச்சிட்டா?"

பாசந்தான் பிள்ளைகளே, வேறென்ன சொல்ல? மாத்திரைப் போத்தலைக் காலி மைலோ டின்னுக்குள் போட்டு மூடினான்.

வாயாடி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினாள். முகம் ஊதியது. குரல் கரகரத்தது. உச்சி வெயிலிலும் கம்பளி கேட்டாள். சோற்றுத் தட்டுக்கு முன்னால் தூங்கினாள். சன்னாசி அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பான். நாடி நிதானமாக, மிகவும் நிதானமாக அடித்தது. அவனுக்கு நிம்மதி.

தவணைக்கு முன் மறுபடி எடுத்த ரத்தத்தில் இருபது.

"பாத்தியா புள்ள, எறங்கிருச்சு! இன்னும் கொஞ்சந்தான்."

அவள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தவணை நாளன்று அவளை எழுப்ப அவனுக்கு மனம் வரவில்லை. தூங்கட்டும் என்று விட்டுவிட்டான்.

மார்கழி மழையில் ஒரு காலை, எழுப்பியும் அவள் எழவில்லை. மருத்துவமனையில் சாயங்காலம் உயிர் போனது.

இளம் டாக்டர் அவனை உட்கார வைத்துக் கேட்டார்: "மாத்திரைய ஏண்ணே நிறுத்துனீங்க?"

"தொண்ணூறுன்னு போட்டிருந்துச்சு."

டாக்டர் முடிவுத்தாளைப் பிரித்துப் பார்த்தார். "அண்ணே, அந்த கிளினிக்ல அளந்த அளவு வேற, இங்க அளக்குற அளவு வேற. இங்க தொண்ணூறுன்னா அங்க ஏழு. நல்லாத்தான் இருந்திருக்காங்க."

முன்பு தோட்டத்தில் ராத்தல் போய்க் கிலோ வந்தபோது, ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் ஒரே சத்தம். பாதிப் பாலைத் திருடுகிறான் என்று எல்லாரும் கணக்கு எழுதும் கிராணியை அடிக்கப் பாய்ந்தார்கள். குறுக்கே நின்று தடுத்தவன் சன்னாசிதான். "பாலு அதே பாலுதான், அளவுதான் மாறியிருக்கு" என்று ஒவ்வொருவருக்கும் விளக்கினான்.

"ரத்தத்துக்குமா அளவ மாத்துனாங்க?" என்றான் இப்போது. பிறகு, "அந்த இருபது... பழைய அளவுல எவ்வளவு?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒன்றரை."

முதன்முதலில் ஆம்புரோஸிடம் கூட்டிப் போனபோதாவது அவளுக்கு இரண்டு இருந்தது.