சுவார்னிக்கு நாற்காலி போட்டார்கள்

பக்கத்து வீட்டுத் துகினெம் தன் மகன் கல்யாணத்துக்கு அச்சடித்த அழைப்பிதழைக் கொடுத்தனுப்பியிருந்தாள். வழவழவென்று, பொன்னெழுத்தில், உறைமேல் 'திருமதி சுவார்னி அவர்கள்' என்று போட்டு. சுவார்னி அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

இதில் என்ன குறை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். டெலாங்கு பக்கத்தில் பிறந்தவளுக்கு அல்லவா தெரியும்! அழைப்பிதழ் விருந்தாளிக்கு. வேண்டப்பட்டவளுக்கு அழைப்பிதழும் கிடையாது, உறையும் கிடையாது. நாலு நாள் முன்னாலேயே வீட்டுக்காரி நேரில் வந்து, "யூ, நம்ம வீட்டுல விசேஷம், வந்துடு" என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டுப் போவாள். கூப்பிடப்பட்டவள் கொல்லைப்பக்கமாக வருவாள். வெங்காயம் உரிப்பாள், தேங்காய் துருவுவாள், ஊர் வம்பையெல்லாம் ஒரு கை பார்ப்பாள். ரெவாங் என்று இதற்குப் பெயர். ரெவாங்குக்குக் கூப்பிடாமல் அழைப்பிதழ் அனுப்பினால், நீ எங்களில் ஒருத்தி இல்லை என்று அர்த்தம்.

இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இருபது வருஷப் பழக்கம். யாரைக் குறை சொல்வது? ஆரம்பித்து வைத்தவள் சுவார்னியேதான்.

லாரி மோதிப் புருஷன் போனபோது, கைக்குழந்தையோடு அவள் அரிசி அப்பளம் போட ஆரம்பித்தாள். காயவைக்கத் தன் முற்றத்தைக் கொடுத்தவள் துகினெம். குழந்தை விடுரிக்குப் பாதிநாள் சோறு ஊட்டியவளும் அவள்தான். தூறல் விழுந்தால் போதும், சந்திலிருந்த பெண்களெல்லாம் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு அப்பளத் தட்டிகளைத் தூக்க ஓடிவருவார்கள். இன்றைக்கு சுவார்னியிடம் பதினோரு பேர் வேலை செய்கிறார்கள், வேன் ஓடுகிறது, பக்கத்து நகரமான சோலோவின் கடைகளில் அவள் அப்பளம் தொங்குகிறது.

போன வருஷம் பெண்கள் கூட்டத்தில் வட்டார அதிகாரியின் மனைவி அவளை எழுப்பி நிறுத்தி, "யார் தயவும் இல்லாம தனியா ஜெயிச்ச பெண்மணி" என்று கைதட்டச் சொன்னாள். பின்வரிசையிலிருந்து துகினெம் கத்தினாள்: "மழை வந்தப்ப தூக்கினது யாராம்? நாங்கதானே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சுவார்னியும் சிரித்தாள். ஆனால் நெஞ்சில் முள் தைத்துவிட்டது. எத்தனை சம்பாதித்தாலும் இவர்கள் தூக்கிவிட்டவள் என்றுதானே சொல்வார்கள்? மூச்சு முட்ட உழைத்தது யார்? அடுப்புச் சூட்டில் வெந்தது யார்? வேடிக்கைப் பேச்சை வேடிக்கையாக விட்டிருக்கலாம். விடவில்லையே அந்தப் பாழும் மனசு! மகள் விடுரியின் கல்யாணத்தை ஒருத்தர் கையும் படாமல் நடத்திக் காட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. அப்படியும் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, ஏழெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு துகினெம் தானாகவே வந்து நின்றாள்.

"அடுப்பு எங்க போடலாம், யூ?"

"அடுப்பே இல்ல துகி. சோலோவுலேருந்து சமையல்காரங்க வராங்க. தட்டு கழுவக்கூட அவங்க ஆளுதான். நீங்கல்லாம் நல்லா உடுத்திக்கிட்டு வந்து ராணி மாதிரி உக்காந்து சாப்பிடணும், அவ்வளவுதான்."

"சோறாவது நான் வடிக்கிறேனே. நம்ம விடுரி கல்யாணமாச்சே!"

"சும்மா இரு துகி. ஒரு தடவையாவது என் கையால நானே நடத்தினேன்னு இருக்கட்டும்."

"உன் கையால எங்க? சோலோக்காரன் கையால!" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். துகினெமும் சிரித்துவிட்டு, "சரி யூ, உன் இஷ்டம்" என்று திரும்பிப் போனாள். போகும்போது கூட வந்தவர்களில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. சுவார்னி அதைக் கவனித்தாள். கவனித்தும் கூப்பிடவில்லை.

கல்யாணம் ஜோராக நடந்தது. தெருவே வந்தது, உட்கார்ந்தது, சாப்பிட்டது, வாழ்த்தியது, இரண்டு மணிக்குள் எழுந்து போய்விட்டது. விடுரி மாப்பிள்ளையோடு செமாராங்குக்குக் கிளம்பினாள். சமையல்காரர்கள் பாத்திரத்தை அடுக்கிக்கொண்டு போனபிறகு வீட்டில் ஒரு குரல் இல்லை. மற்ற வீடுகளில் அந்த நேரத்தில்தான் கொல்லையில் மிச்சம் மீதியை வழித்துத் தின்றுகொண்டு, மாப்பிள்ளையின் மூக்கைக் கிண்டல் செய்துகொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெண்ணைப் பெற்றவள் அழுதால் அவர்களும் கூட அழுவார்கள். சுவார்னி தனியாக உட்கார்ந்து அழுதாள். ஜெயித்துவிட்டதாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

அதையெல்லாம் நினைத்துத்தான் இப்போது, கையில் அழைப்பிதழ் வந்த மறுநாள் காலை, அவள் வெட்கத்தை விட்டாள். பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கூப்பிடாமலே துகினெம் வீட்டுக் கொல்லைப்பக்கம் போனாள்.

அங்கே ஒரே இரைச்சல். யாரோ யாருடைய புருஷனையோ நடித்துக் காட்ட, மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சுவார்னியைக் கண்டதும் சிரிப்பு நின்றது. நடித்தவள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"வாங்கம்மா, வாங்க. இங்க ஒரே புகை, முன்பக்கம் போயிடலாமே?"

'யூ' போய் 'அம்மா'வாகிவிட்டது. சுவார்னி காதில் விழாதது மாதிரி பாயில் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்தாள். பதறிப்போய் ஒருத்தி அதைப் பிடுங்கிக்கொண்டாள். இன்னொருத்தி பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து, முந்தானையால் துடைத்துப் போட்டாள். மூன்றாமவள் தட்டில் வைத்து டீ கொண்டுவந்தாள். மற்றவர்களெல்லாம் தரையில் இருக்க, அவள் ஒருத்தி நாற்காலியில்.

துகினெம் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். "என்ன யூ, இந்தப் புகையில வந்து உக்காந்துட்ட?"

"துகி, எனக்கு ஏதாவது வேலை குடு."

"எல்லாம் ஆச்சு யூ. ஆளுக்கு ஆள் பிரிச்சுக்கிட்டாங்க."

சுவார்னி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் மேல கோவமா?"

"யா அல்லா, உன் மேல எனக்கென்ன கோவம்!" துகினெமின் முகத்தில் நிஜமாகவே கோபம் இல்லை. இருந்திருந்தால் காலைப் பிடித்தாவது சமாதானம் செய்திருக்கலாம். "நீ ஒருத்தர் கையையும் எதிர்பார்க்காதவ. உன்கிட்ட வந்து, என் வீட்டுல வெங்காயம் உரின்னு நான் எந்த மூஞ்சியோட கேப்பேன்? எனக்குக் கூச்சமா இருக்காதா? உனக்கு நான் என்ன செஞ்சிட்டேன், உரிமையா கூப்பிட?"

"நீ செய்யலேன்னா நான் ஏது, துகி? அந்த முற்றம் இல்லேன்னா, நீங்கல்லாம் இல்லேன்னா..."

இதைச் சொல்ல அவளுக்கு இருபது வருஷம் ஆகியிருந்தது. துகினெம் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"அதெல்லாம் எந்தக் காலத்துக் கதை! நீதான் நல்லா வந்துட்டியே. டீ ஆறுது பாரு, குடி." அதற்குள் உள்ளேயிருந்து சோறு பொங்கிவிட்டது என்று யாரோ குரல் கொடுக்க, அவள் ஓடிவிட்டாள்.

பெண்கள் மெல்லிய குரலில் பேச ஆரம்பித்தார்கள். சுவார்னி டீயைக் குடித்து முடித்தாள். தம்ளரைத் தானே கழுவி வைத்துவிடலாம் என்று எழுந்தாள். ஒருத்தி ஓடிவந்து, "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்" என்று அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள்.