சிவப்புத் தொட்டியில் போட்டது

யாரும் தொடவில்லை, விரட்டவில்லை. பட்டிக்குள் நின்றுகொண்டிருந்த புள்ளிமான் ஒன்று முன்னங்கால்களை மடித்துத் தானாகவே கீழே உட்கார்ந்தது. வெளியே நின்ற பூர்ணிமா அதைப் பார்த்துவிட்டாள். மனுஷ வாடை அடித்தாலே நாலு கால் பாய்ச்சலில் ஓடுகிற ஜாதி அது. சுற்றிலும் இத்தனை பேர் நிற்கும்போது உட்காருகிறதென்றால், நிற்கத் தெம்பில்லை என்றுதான் அர்த்தம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான், இந்தக் கூட்டம் ஆரோக்கியமாக இருக்கிறது, தாராளமாக லாரியில் ஏற்றலாம் என்று அவள் சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

வல்லம் வடகாலில் அந்தத் தொழிற்சாலைக்கு மதில் எழுப்பியபோது உள்ளே மாட்டிக்கொண்ட கூட்டம் அது. கட்டியவர்கள் சாலையைப் பார்த்தார்கள், தண்ணீரைப் பார்த்தார்கள், கரண்ட் கம்பத்தைப் பார்த்தார்கள். புதருக்குள் மான் இருப்பதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அப்புறம் தெரிந்தபோது கம்பெனிக்கு ஒரே பெருமை. வெளிநாட்டு விருந்தாளிகளுக்குக் காட்டினார்கள், காலண்டரில் படம் போட்டார்கள். இரண்டாவது பிளான்ட் கட்ட அதே புதர்க்காடு வேண்டும் என்று ஆனதும் பெருமையெல்லாம் தொல்லையாகிவிட்டது. மலையடிவாரக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவதாகப் பேசி வனத்துறையிடம் அனுமதி வாங்கினார்கள். வனத்துறை ஒரே ஒரு நிபந்தனை போட்டது. மான்களின் வயிற்றில் புழு மண்டியிருக்கக் கூடாது. மண்டியிருந்தால், இரத்தம் வற்றிய மான் லாரிப் பயணத்திலேயே செத்துவிடும். தப்பிப் பிழைப்பது, காட்டிலிருக்கிற மான்களுக்கும் புழுவைக் கொடுத்துவிடும்.

அதைக் கண்காணிப்பதுதான் பூர்ணிமாவின் வேலை. கால்நடை மருத்துவம் படித்தவள். மான், கடமான், காட்டெருது என்று குளம்புள்ள காட்டு விலங்குகளின் சாணத்தில் புழு முட்டை தேடுவதே அவளுக்குப் பிழைப்பு. மானைப் பிடிக்க வேண்டாம், ஊசி குத்த வேண்டாம். புழுக்கையை உப்புக் கரைசலில் கலக்கினால் முட்டைகள் மேலே மிதந்து வரும். மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணினால் உள்ளே எவ்வளவு புழு என்று ஓரளவு சொல்லிவிடலாம். இந்த வருஷம் முழுக்க வாராவாரம் இந்தக் கூட்டத்தின் புழுக்கை ஐஸ் பெட்டியில் அவளுடைய லேபுக்கு வந்தது. ஒரு வாரம்கூடக் கெட்ட சேதி இல்லை. அப்புறம் எப்படி இந்த மான் உட்காருகிறது?

பட்டிக்குள் போய் அதன் கண்களைத் துணியால் மூடி, ஒரு பக்கத்துக் கீழ் இமையை மட்டும் விரலால் விலக்கிப் பார்த்தாள். சிவந்திருக்க வேண்டிய சதை சோறு மாதிரி வெளுத்திருந்தது. தாடைக்கு அடியில் கொழகொழவென்று ஒரு வீக்கம். புழு இரத்தத்தை உறிஞ்சி உறிஞ்சித் தீர்த்திருக்கிறது. படித்த படிப்புக்கு இதைவிடத் தெளிவாக யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

"மேடம், ஒன்னு படுத்துக்கிச்சுன்னா அத விட்டுட்டு மத்தத ஏத்திடலாம்" என்றான் விமல்ராஜ். கம்பெனியின் நிர்வாக மேனேஜர். காலையிலிருந்து போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. "நாளைக்கு ஜேசிபி வருது. இன்னிக்கு எடம் காலியாகணும்."

பாதி மான்கள் ஏற்கெனவே லாரிக்குள் இருந்தன. டிரைவர் அப்பாவு உள்ளூர்க்காரர். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னா மேடம், போறதா வாணாமா? வெயில் ஏறிகினே கீது. உள்ள கீறதுங்க வெந்து பூடும்."

"கொஞ்சம் பொறுங்க. இன்னொரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்துடறேன்."

"ரிப்போர்ட் குடுத்ததே நீங்கதான மேடம்?" என்றான் விமல்ராஜ்.

பூர்ணிமா வனத்துறை ரேஞ்சருக்குப் போன் போட்டாள். அவர் மான்களை விடுகிற இடத்தில் காத்திருந்தார். அங்கே டவர் இல்லை. காரிலிருந்து மைக்ராஸ்கோப்பை எடுத்துக்கொண்டு, கேன்டீனில் ஒரு டம்ளர் கல்லுப்பு வாங்கிக்கொண்டு, தோட்டக்காரர் மகாராஜாவின் ஷெட்டுக்கு ஓடினாள்.

மகாராஜா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர். முன்பு ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருந்தார். அங்கே ஒப்பந்தம் முடிந்ததும் இங்கே தோட்ட வேலைக்கு வந்தவர். வாராவாரம் புழுக்கை பொறுக்கி ஐஸ் பெட்டியில் வைப்பது அவர்தான். மான்களுக்குப் பேர் வைத்து, அகத்திக்கீரை போட்டு, கல்யாணத்துக்கு நிற்கிற சொந்த மகள்களை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குப் போட்ட புழுக்கை இருக்காண்ணா?"

"இல்லாமலா மேடம்? காலைலயே எடுத்துட்டம்லா."

பச்சைத் தொட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். உருண்டையாக, பளபளப்பாக, வரிசையாக அடுக்கினால் பாசிமணி கோக்கலாம் போல இருந்தது. கரைத்தாள், காத்திருந்தாள், பார்த்தாள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில முட்டைகள். எப்போதும் வருகிற மாதிரிதான். வாசலில் வந்து நின்ற விமல்ராஜ், "சரியாத்தான இருக்கு? நான் வண்டிய எடுக்கச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

பூர்ணிமா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். தானே தப்பாகப் பார்க்கிறோமோ, வெயிலில் அந்த மானுக்கு மயக்கம்தானோ என்று மனசு சமாதானம் தேடியது. எழுந்தபோது பச்சைத் தொட்டிக்குப் பக்கத்தில், மூடி போட்டு ஒரு அட்டையும் தொங்கவிட்ட சிவப்புத் தொட்டி கண்ணில் பட்டது.

"இதுல என்னண்ணா?"

"அது ரிஜெக்ட் மேடம்."

"என்ன ரிஜெக்ட்?"

"சில மானு களி மாரி போடும்லா, ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிட்டு. அத எப்படி மேடம் உங்களுக்கு அனுப்ப? சாம்பிள்னா ஓகே பீஸ்தான போகணும். கஸ்டமருக்கு நாங்க அப்படித்தான் அனுப்புவோம். ஒரு பீஸ் பெயிலானா மொத்த லாட்டும் திரும்பிரும்." அவர் முகத்தில் அத்தனை பெருமை. "இதுல முக்காவாசி சொர்ணம் போடுறதுதான். காது கிழிஞ்சவ. பாவம், அவளால மத்ததுக்குப் பேரு கெட்டுரக் கூடாதுன்னு தனியா எடுத்து வச்சிருவேன். இந்த வருசம் ஒரு வாரம்கூட நம்ம மான் பெயிலாகலன்னு மேனேஜர் சார் எல்லாத்துக்கும் முன்ன வச்சிச் சொன்னாருல்லா."

பூர்ணிமா மூடியைத் திறந்தாள். சிவப்புத் தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கரைத்தாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் எண்ணத் தொடங்கினாள், உடனே விட்டுவிட்டாள். முட்டைமேல் முட்டை. கீரை விதையைக் கொட்டி வைத்த மாதிரி கண்ணாடி முழுக்க முட்டை.

"அண்ணா, புழு இருக்கிற மானுதான் இப்படிப் போடும். நான் தேடினதே இதத்தான். ஒரு வருஷமா நல்லதா பாத்து அனுப்பிட்டு, கெட்டத எடுத்துத் தள்ளிட்டீங்களே."

அவர்மேல் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியது. புழுக்கை பொறுக்குவது எப்படி என்று இந்த மனுஷனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? யாருமில்லை. ஒரே ஒரு நாள் காலையில் வந்து பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் போதும், அவள் வரவில்லை. குன்றத்தூர் லேபிலிருந்து இந்தத் தூரம் வர அலுப்பு. ஐஸ் பெட்டி தானாக வருகிறதே என்ற சௌகரியம்.

மகாராஜாவின் முகம் இருண்டுபோயிருந்தது. "நம்ம சொர்ணமும் லாரிலதான் இருக்கா மேடம்" என்றார் கடைசியாக.

அந்த நேரம் லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது.

பூர்ணிமா ஓடினாள். விமல்ராஜ் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள், லாரியில் இருக்கிறதுக்கெல்லாம் புழு, வழியிலேயே சாகும், காட்டுக்குப் போனால் காடே நாறும், நிறுத்துங்கள் என்று. அவன் அசையவில்லை.

"மேடம், சர்டிபிகேட்ல உங்க கையெழுத்து இருக்கு. கேட் பாஸ் போட்டாச்சு. இப்ப வந்து இல்லன்னா நான் மேல என்ன சொல்றது? போற எடத்துல மருந்து குடுத்துக்குங்க."

"போய்ச் சேர்ந்தாத்தான சார் மருந்து?"

அவன் செக்யூரிட்டியைப் பார்த்துக் கையசைத்தான். தடுப்புக்கட்டை மேலே போகத் தொடங்கியது. அப்பாவு கியரைப் போட்டார்.

மகாராஜா அவர்களைத் தாண்டி ஓடியதை அப்போதுதான் பூர்ணிமா பார்த்தாள். கையில் சிவப்பு அட்டை. பழைய கம்பெனியிலிருந்து கொண்டுவந்ததோ என்னவோ, அவருடைய தொட்டியில் தொங்கிக்கொண்டிருந்த ஹோல்டு டேக். லாரியின் பின்கதவுத் தாழ்ப்பாளில் அதைக் கட்டிவிட்டு, கட்டினவர் அங்கேயே நின்றார்.

செக்யூரிட்டியின் கை பாதியில் நின்றது. அந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவனுக்கும் அது ரத்தத்தில் ஊறியது. சிவப்பு டேக் கட்டின சரக்கை முதலாளியே வந்து சொன்னாலும் நகர்த்தக் கூடாது. தடுப்புக்கட்டை மெதுவாக இறங்கியது.

"ஹோல்டு டேக் இருக்கு சார். குவாலிட்டி கையெழுத்து இல்லாம வண்டிய விட முடியாது."

"யோவ், உள்ள இருக்கிறது மானுய்யா. மெட்டீரியல் இல்ல."

"கேட் பாஸ்ல மெட்டீரியல்னுதான சார் போட்டிருக்கு" என்றார் செக்யூரிட்டி. அதில் கிண்டல் எதுவும் இல்லை. அவர் வேலையை அவர் பார்த்தார்.

விமல்ராஜ் பூர்ணிமாவின் பக்கம் திரும்பினான். "குவாலிட்டி நான்தான் சார்" என்றாள். "காலைல போட்ட கையெழுத்து தப்பு. நானே ரேஞ்சர்கிட்ட சொல்லிக்கிறேன். தீவனத்துல மருந்து வெச்சு, புழு எறங்குற வரைக்கும் இதுங்க எங்கயும் போகாது."

"உங்க வேலை போயிடும் மேடம்."

"போகட்டும்."

அவன் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப்போனான். ஜேசிபிக்காரனிடம் கத்துவது கேட்டது.

லாரி பட்டிக்குத் திரும்பியது. பின்கதவைத் திறந்து சரிவுப் பலகையைப் போட்டார்கள். ஒவ்வொன்றாக மான்கள் துள்ளி இறங்கிப் பட்டியின் மறுகோடிக்கு ஓடின. கடைசியில் ஒன்று மட்டும் இறங்கவில்லை. வைக்கோலில் பக்கவாட்டில் கிடந்தது. ஒரு காது கிழிந்திருந்தது.

மகாராஜா உள்ளே ஏறி அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பூர்ணிமா விலாவில் கையை வைத்துப் பார்த்தாள். மூச்சு இல்லை. உடம்பில் சூடு மட்டும் இருந்தது. மகாராஜா அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பிறகு வைக்கோலைப் பார்த்தார். சாகிற நேரத்தில் போட்டது, களியாக, இன்னும் ஈரமாகக் கிடந்தது. சட்டைப் பையிலிருந்து பச்சை மூடி போட்ட டப்பாவை எடுத்து, அதை ஒரு துளி விடாமல் வழித்துப் போட்டார். மூடியை இறுக்கி அவளிடம் நீட்டினார்.

"சொர்ணத்தோடது மேடம். இத லேபுக்குக் கொண்டு போங்க."