வண்டல் பிரசங்கம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷத்துப் பெருவெள்ளம் வடிந்தபோது பிரிக்பீல்ட்ஸில் எல்லார் வீட்டிலும் சேறு தங்கியது. இரயில்வே ஆபீஸில் ஆட்களின் பேரேடு எழுதும் பெரிய கிராணி சபாபதியிடம் மட்டும் ஒரு தலைப்பு தங்கியது. தமிழ் விருத்திச் சங்கத்தின் தலைவரும் அவரே. ஆகவே ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மேட்டுக் கொட்டகையில், ‘வண்டல் என்னும் சொல்லின் பிறப்பும் பொருளும்’ பற்றிப் பேசத் தொடங்கினார். எதிரே இரயில் பாதையில் வேலை செய்யும் ஆட்கள். விரும்பி வந்தவர்கள் என்றே வைத்துக்கொள்ளலாம்; வராதவர் முகத்தைக் கிராணி மறப்பதில்லை.

அந்நேரம் ஆற்றோரத்தில் பால்காரி பவுனம்மாளின் கறவை மாடு வயிறு வரை வண்டலில் புதைந்து நின்றது. மலைப்பக்கம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் ஏறுமுன் கயிறு போட்டு இழுக்க ஆள் வேண்டும். தெருவில் ஓர் ஆண்பிள்ளை இல்லை. கொட்டகைக்கு ஓடி, கடைசி வரிசையில் இருந்த நாகையாவைச் சன்னல் வழியே தொட்டுச் சொன்னாள்.

“மாலை விழட்டும் அக்கா, எல்லாருமே வந்துடறோம். இப்ப எழுந்தா நாளைக்கு எனக்கு வேலை இருக்காது” என்றான் அவன்.

சங்கத்தின் வழக்கம் அது. தலைவர் கழுத்தில் மாலை விழாமல் பேச்சு முடியாது. பேச்சு முடியாமல் யாரும் எழக்கூடாது. உள்ளூர்ப் பூக்கடை வெள்ளத்தோடு போய்விட்டதால், மாலை செந்தூலிலிருந்து மாட்டு வண்டியில் வந்துகொண்டிருந்தது. வந்துகொண்டே இருந்தது.

கிராணியும் பேசிக்கொண்டே இருந்தார். வண்டல் என்றால் ஆறு அடித்து வந்து படியவிட்ட மண். பாத்திரத்தின் அடியில் தங்கும் கசடும் வண்டலே. பழங்காலத்தில் சிறுமியர் மணலில் கட்டி விளையாடிய சிறு வீட்டுக்கும் அதுவே பெயர். இந்த இடத்தில் அவருக்கே கண் கலங்கியது. சொல்லின் வேர் இன்னதென்று துணிய முடியாது என்று சொல்லி வாசலைப் பார்த்தார். வண்டியைக் காணோம். துணிந்தார்.

பவுனம்மாள் ஆற்றுக்கும் கொட்டகைக்குமாக நடந்தாள். கடைசியில் வாசலிலேயே வந்து நின்றாள்.

“சாமி, மாடு போயிடும். ஆளுங்கள விடுங்க.”

“சந்தேகங்களை இறுதியில் கேட்கலாம், அம்மா” என்றார் தலைவர். சிலர் சிரித்தார்கள்; அது சிரிக்க வேண்டிய இடம் என்று நினைத்திருப்பார்கள். அவள் திரும்பிப் போனாள்.

விளக்கேற்றும் நேரத்தில் வண்டிக்காரன் மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தான். வழியில் வண்டி அச்சு வரை வண்டலில் இறங்கிவிட்டதாம். மாலை விழுந்தது. விழுந்ததும் ஆட்கள் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினார்கள், நாகையாதான் முன்னால்.

ஆறு ஏறியிருந்தது. பவுனம்மாள் சேற்றில் போட்ட ஒரு பலகைமேல் மண்டியிட்டு, மார்பளவு நீரில், மாட்டின் மூக்கை மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். அதில் மூச்சு இல்லை என்பது கரையில் நின்றவர்களுக்கே தெரிந்தது. கயிற்றை யாரும் வீசவில்லை.

சபாபதியும் மாலையோடு வந்து சேர்ந்தார். கரையில் குனிந்து, கொஞ்சம் மண்ணை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார்.

“ஐயமே இல்லை. வண்டல்தான்” என்றார்.

நாகையா தண்ணீரில் இறங்கினான். “விடுக்கா. கைய எடு.”

அவள் எடுக்கவில்லை.