மேபினின் முழங்கால்

கணவன் கர்ட் அந்தப் பெயரைச் சொன்னபோது மார்லா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்காமல் பார்த்துக்கொண்டாள்.

"மேபினை வெச்சுக்கவா, தள்ளிவிட்டுடவா? இன்னிக்கு ஆறு மணியோட ஆளை மாத்திக்கிறதெல்லாம் முடியுது."

கர்ட்டும் கல்லூரிக்காலக் கூட்டாளிகளும் ஆளுக்கோர் கற்பனை அணி வைத்திருந்தார்கள். அமெரிக்கக் கால்பந்தின் நிஜ ஆட்டக்காரர்கள் ஞாயிறன்று மைதானத்தில் ஓடுவதெல்லாம் இவர்களுக்குப் புள்ளிகளாக ஏறும். மற்ற இடங்களில் ஆண்டுதோறும் அணியைக் கலைத்துவிடுவார்கள். இங்கே ஒருவனை எடுத்தால் அவன் ஓய்வுபெறும்வரை உன்னவன். அதனால் இந்த வருடம் எப்படி ஓடுகிறான் என்பதல்ல, இன்னும் எத்தனை வருடம் ஓடுவான் என்பதே பேச்சு. பந்தைச் சுமந்து ஓடுகிறவர்களுக்கோ முப்பது வயதே முதுமை.

"இருபத்தாறுதான் ஆகுது. மூணு வருஷம் தாங்குவான்னு நினைக்கிறேன். நேரா போய் மோதறதில்ல, நழுவிடறான். உங்கண்ணன் ஸ்டான் அவனுக்குப் பதிலா தன் அணியிலேருந்து ரெண்டு சின்னப் பசங்களைத் தரேங்கறான். ஸ்டான் ஒண்ணும் ஏமாளி இல்ல. நீ என்ன நினைக்கிற?"

கர்ட் சாதாரணமாகத்தான் கேட்டான். ஆனால் கண்கள் அவள் கையிலேயே இருந்தன. அவள் வேலை செய்யும் உடற்பயிற்சி சிகிச்சை நிலையத்துக்குக் கிளீவ்லாந்து அணியின் ஆட்டக்காரர்கள் வந்துபோவது ஊரறிந்தது. யார் வருகிறார்கள் என்று அவள் வீட்டில் வாய் திறந்ததில்லை.

மேபின் வருகிறான். தன் அணியின் மருத்துவருக்கே தெரியாமல் வருகிறான். மூட்டில் எலும்போடு எலும்பு உரசுகிறது; படியிறங்கும்போது கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்கிறான். "புது ஒப்பந்தத்துல கையெழுத்து ஆகிற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது மார்லா. எங்கம்மாவுக்குக்கூடச் சொல்லல" என்று போன வாரம் கூரையைப் பார்த்தபடி சொன்னான்.

"என் வேலையைப் பத்தி வீட்ல பேசறதில்ல, கர்ட்."

"நான் வேலையைப் பத்திக் கேக்கலையே. மேபினைப் பத்திதான் கேட்டேன்."

கத்தி நின்றது.

"சரி" என்றான் கர்ட் மெல்ல.

"நான் ஒண்ணுமே சொல்லல."

"ஆமா. நீ ஒண்ணும் சொல்லல." கைப்பேசியை எடுத்தான்.

"வேணாம். அவனை வெச்சுக்க." குரல் பிசிறிற்று. அந்தப் பிசிறே மிச்சத்தையும் சொல்லிவிட்டது என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

"ஒரு விளையாட்டுக்கு ஏன் இப்படிப் பதறற?" என்று கேட்டபடியே அவன் ஸ்டானின் மாற்றத்துக்குச் சம்மதப் பொத்தானை அழுத்தினான்.

அடுப்பில் இறைச்சி வேகும் முன்பே கூட்டாளிகளின் குழுவில் செய்திகள் வந்து விழுந்தன. உயிரே போனாலும் மேபினை விடமாட்டேன் என்றவன் ஏன் விட்டான்? ஒருவன் எழுதினான்: 'கர்ட் பொண்டாட்டி எங்க வேலை பாக்கறான்னு மறந்துட்டீங்களாடா?' கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். எழுதியவன் உள்ளூர் வானொலியில் காலை விளையாட்டு நிகழ்ச்சி நடத்துகிறவன். கர்ட்டும் சிரித்துக்கொண்டே கைப்பேசியை அவளிடம் நீட்டினான். படித்ததும் மார்லா அடுப்பைத் தணித்தாள்.

"இதை அழிக்கச் சொல்லு."

"அழிக்கச் சொன்னா ஆமான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றான். அவன் முகத்திலும் இப்போது சிரிப்பில்லை.

பிறகு ஸ்டான் தொலைபேசியில் கூப்பிட்டான். "நான் குடுத்த சின்னப் பசங்க போனாப் போறாங்க. மேபினைப் பத்தி நீ கர்ட்கிட்ட ஏதாவது சொன்னியா மார்லா?"

"இல்ல."

"நல்லது. யார் கேட்டாலும் அதையே சொல்லு." வைத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை மேபின் நேரத்துக்கு வந்தான். நலம் விசாரித்தான், கட்டிலில் ஏறிப் படுத்தான். அந்த வானொலிக்காரன் காலை நிகழ்ச்சியில் ஏதும் உளறி அதை இவன் கேட்டானா என்று முகத்தில் தேடினாள், பிடிபடவில்லை. கைகளைத் தேய்த்துச் சூடாக்கி அவன் முழங்காலுக்கு மேலே வைத்தாள். உள்ளங்கைக்கு அடியில் தசை கல்லாக இறுகியிருந்தது.

"காலைத் தளர விடுங்க."

"விட்டுத்தான் இருக்கேன்" என்றான் மேபின், அவளையே பார்த்தபடி.